பாறைக்கழிப் பாலத்தில் ஒரு கல் குறைகிறது

அத்தியாயம் 5

சத்தியவேட்டில் பஸ் மாறும்போதுதான் தாட்சாயணி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"காணாமப் போனது ஒரு கல்லு. கண்டுபிடிக்கச் சொன்னது ரெண்டு பேரு. கெடைச்சா உடைச்சுப் பாதி பாதி குடுப்பீங்களா சார்?"

துப்பறியும் கோவர்த்தனன் ஜன்னலோரம் இடம் பிடித்து, வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொண்டார். யோசிக்கிறார் என்று அர்த்தம். அல்லது பல்வலி.

திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின்னால், மொட்டைத் தலைக்குச் சந்தனம் அரைத்து விற்கும் கடையின் மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. முன்பு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். ஒரு திருட்டு வழக்கில் மேலதிகாரியின் மைத்துனரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டதால் வேலையை விட நேர்ந்தது. இப்போது வருகிற வழக்குகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கொண்ட பிறகு அடையாளம் தெரியாமல் கூட்டத்தில் கலந்துவிட்ட கணவரைத் தேடிப் பிடித்து மனைவியிடம் ஒப்படைப்பது. 'சில பொம்பளைங்க வேற மொட்டையா பாத்து எடுத்துக்கினு போயிடறாங்க' என்பது தாட்சாயணியின் புகார். அவள் புத்தூர்க்காரி. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிவிட்டு அவரிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். டைப் அடிக்க ஒன்றும் வராததால் துப்பறிய ஆரம்பித்தாள்.

இந்த வழக்கில் மொட்டை இல்லை. திங்கட்கிழமை காலை வேதாச்சலம் வந்தார். பாறைக்கழி கிராமத்தில் நெல் மண்டி வைத்திருப்பவர், 'பாறைக்கழித் தொல்பாலப் பாதுகாப்புச் சங்க'த் தலைவர். பாலத்தின் நடுக்கல்லைக் காணவில்லை, எதிர்க்கட்சி திருடிவிட்டது என்றார். அன்று மாலையே வெங்கடசாமி வந்தார். அதே ஊரில் மாந்தோப்புக்காரர், 'வந்தென சம்ரக்ஷண சங்க'த் தலைவர். வந்தென என்றால் தெலுங்கில் பாலம். அவரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கடைக் காப்பியைக் குடித்து, எதிர்க்கட்சி திருடிவிட்டது என்றார். இருவரும் கிளம்பும்போது தாம் வந்து போனது மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். கோவர்த்தனன் இரண்டு பேருக்கும் உண்மையாகவே வாக்குக் கொடுத்தார்.

காலம் அப்படி. மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்துவிட்டன. எல்லை மட்டும் பிரியாமல் நடுவில் கிடந்தது. அதைப் போட ஒரு அதிகாரி வரப்போவதாகப் பேச்சு. அவர் எதைப் பார்த்துக் கோடு போடுவார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லாரும் எல்லாவற்றையும் காட்டத் தயாராக இருந்தார்கள். நகரியில் ஒரு பழைய உரலைக் கழுவி வைத்திருந்தார்கள். புத்தூரில் ஒரு மாமியாரையே வைத்திருந்ததாகத் தாட்சாயணி சொன்னாள்.

பாறைக்கழிக்காரர்களிடம் இருந்தது பாலம். பழவேற்காட்டு ஏரியின் உப்புத் தண்ணீர் பாறைகளுக்கு இடையில் புகுந்து ஊருக்குள் வருகிற இடத்தைக் கழி என்பார்கள். அந்தக் கழியின் மேல், பாறைக்குப் பாறை நீளக் கல்லாகப் போட்டு யாரோ எப்போதோ கட்டிய நடைபாலம். ஒருவர் நடக்கலாம். இருவர் எதிரெதிரே வந்தால் நடுக்கல்தான் சற்று அகலம், அங்கே ஒதுங்கலாம். அந்த நடுக்கல்லில் ஒரு மேடும் இருபக்கம் பள்ளமும் இருந்தன. மேடு, காளையின் திமில் என்றார் வேதாச்சலம். காளை பல்லவர் சின்னம். ஆகவே ஊர் சென்னை ராஜ்யத்துக்கு. மேடு, பன்றியின் மூக்கு என்றார் வெங்கடசாமி. வராகம் விஜயநகரச் சின்னம். சந்திரகிரிக் கோட்டையைக் கட்டிய கைதான் இந்தப் பாலத்தையும் கட்டியது; ஆகவே ஊர் ஆந்திராவுக்கு.

பௌர்ணமிக்கு மறுநாள் விடிந்து பார்த்தால், திமிலும் இல்லை, மூக்கும் இல்லை. நடுக்கல்லே இல்லை.

பாலத்தின் ஊர்ப்பக்கக் கோடியில் இரண்டு பலகைகள் நட்டிருந்தன. ஒன்று தமிழ், ஒன்று தெலுங்கு. இது புராதனச் சின்னம், இதன் மேல் நடப்பது குற்றம், விரைவில் வேலி போடப்படும் என்று இரண்டும் அறிவித்தன. கீழே முள்கம்பிச் சுருள்கள் தயாராகக் கிடந்தன. வேறெதிலும் ஒத்துப்போகாத இரண்டு சங்கங்கள் இதில் மட்டும் ஒத்துப்போயிருந்தன.

"ஆயிரம் வருஷமா ஜனங்க நடந்ததாலதான இதுக்கு இவ்ளோ மதிப்பு?" என்றாள் தாட்சாயணி. "அதைக் காப்பாத்தணும்னா மொதல்ல நடக்கறத நிறுத்தணும். நல்லாதான் யோசிச்சிருக்காங்க."

சொல்லி முடிக்கவில்லை, வேதாச்சலம் ஒரு பக்கமிருந்தும் வெங்கடசாமி மறுபக்கமிருந்தும் குடையோடு வந்து சேர்ந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் கோவர்த்தனனுக்கு வணக்கம் வைத்து, ஒரே நேரத்தில் கையைக் கீழே போட்டார்கள்.

"ஏமண்டி, நீங்க அவரோட ஆளா?" என்றார் வெங்கடசாமி.

"நான் கல்லோட ஆள்" என்றார் கோவர்த்தனன். பிறகு இருவரும் அடுத்த வாக்கியத்தைத் தேடுவதற்குள் பாலத்தின் மேல் ஏறி நடந்தார். நடப்பது குற்றம் என்று இரண்டு தலைவர்களும் இரண்டு மொழியில் நினைவூட்டினார்கள்.

நடுவில் கல் இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. கோவர்த்தனன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். இருபக்கத்துத் தாங்குபாறைகளிலும் கடப்பாறை பட்ட வடு இல்லை. கல்லுக்கும் பாறைக்கும் இடையில் ஒட்டியிருந்த சிப்பி ஓடுகள்கூட நசுங்கவில்லை. இழுத்திருந்தால் நசுங்கியிருக்கும். புரட்டியிருந்தால் பாறை விளிம்பு உடைந்திருக்கும்.

"நேரா மேலே தூக்கியிருக்காங்க" என்றார்.

"இத்தனை பெரிய கல்லையா? எத்தனை பயில்வான் வேணும் சார்?"

"நிக்கறதுக்கு இடம் எங்கே இருக்கு? ஒரு பயில்வான் நின்னாலே அடுத்தவன் தண்ணியில இருப்பான்."

அவர் எழுந்து வந்து தலைவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தனித்தனியாக, மற்றவருக்குக் கேட்காதபடி. பாலத்தின் அந்தக் கோடியில் என்ன இருக்கிறது?

வேதாச்சலம் சற்று யோசித்து, மணல் மேடு, கொஞ்சம் தாழம்புதர், ஒரு அம்மன் என்றார். வெங்கடசாமி யோசிக்காமல், எதுவும் இல்லை, ஜனங்கள் இருக்கிறார்கள் என்றார்.

"புரிஞ்சுதா?" என்று தாட்சாயணியைக் கேட்டார் கோவர்த்தனன்.

"புரிஞ்சுது. ரெண்டு பேரும் இந்தப் பாலத்தைப் பத்தி மைக் வெச்சுப் பேசிக்கினு இருக்காங்க. ஒருத்தரும் அதைத் தாண்டுனது இல்ல."

"போலீஸ்காரனோட போய் அந்தக் கரையெல்லாம் தேடினாங்களாமே?"

"அதான் மொத தடவையா இருக்கும்."

இருவரும் தாண்டினார்கள். கல் இல்லாத இடத்தில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, அடுத்த பாறையில் ஏற வேண்டும். அவர்களுக்குப் பின்னாலேயே கிணற்றிலிருந்து பெண்கள் ஒரு வரிசையாக நிறைகுடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். ஊர்ப்பக்கத்துக் கிணற்றில்தான் நல்ல தண்ணீர். அந்தக் கரையில் எங்கே தோண்டினாலும் உப்பு. பெண்கள் இடைவெளியில் இறங்கும்போது குடத்தைத் தலைக்கு ஏற்றி, கையால் பிடித்துக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தியே நடந்தார்கள். வரிசையின் முன்னால் வந்தவள் பொன்னியம்மாள். உப்பளத்தில் கூலி வேலை செய்பவள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பின்னால் வந்தவள் அவள் மருமகள் பாப்பாத்தி, நிறைமாதம். மாமியார் திரும்பித் திரும்பி மருமகள் குடத்தைப் பார்த்தாளே தவிர, வந்தவர்களைப் பார்க்கவில்லை.

தாட்சாயணி பாறையில் வழுக்கியபோது பொன்னியம்மாள்தான் கை கொடுத்தாள். கொடுத்த கையோடு, கூட வந்திருக்கிறவர் வீட்டுக்காரரா என்று விசாரித்தாள்.

"அவ்ளோ பாவம் நான் பண்ணல ஆயி" என்றாள் தாட்சாயணி. "மொதலாளி."

பொன்னியம்மாள் சிரித்தாள். கல்லைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு நின்றது. தனக்கு ஒன்றும் தெரியாது, பெரியவங்க சண்டை, போலீஸ் வந்து வைக்கோல் போரைக் குத்திப் பார்த்துவிட்டுப் போனது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள்.

குடிசைகளுக்கு முன்னால், வேப்பமரத்தடியில், ஆளுயரத்துக்கு மேல் ஒரு அம்மன் நின்றிருந்தாள். உடம்பெல்லாம் மஞ்சள். நெற்றியில் குங்குமம். வெள்ளிக் கண்மலர். இடுப்பிலிருந்து தரைவரை சிவப்புப் புடவை. எதிரே தேங்காய் மூடிகளும், வெளியூர்க்காரர்கள் பொங்கல் வைத்த அடுப்புக் கற்களும். பாலத்தம்மா என்று பேர். சத்தி வாய்ந்தவள், தினம் சாயந்தரம் காற்று திரும்பினால் அவளுக்கு வேர்க்கும் என்றார்கள். அதைப் பார்க்க நாகலாபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்களாம். இரண்டு சங்கத் தலைவர்களும்கூட, போலீஸோடு வந்த அன்று செருப்பைக் கழற்றிவிட்டு, கல் கிடைக்க வேண்டும் என்று ஆளுக்கொரு தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்களாம். வேதாச்சலம் இவளைப் பல்லவருக்கும் முந்திய கொற்றவை என்று அங்கேயே அறிவித்தாராம். வெங்கடசாமி, விஜயநகரத்து ராணி ஒருத்தி பிரதிஷ்டை செய்தவள் என்றாராம்.

"இவ எப்பலேர்ந்து இங்க இருக்கா?" என்று கோவர்த்தனன் கேட்டார்.

"எப்பவும் கீறா சார்" என்றாள் பொன்னியம்மாள், கொஞ்சம் வேகமாக.

பூசை நேரம். பொன்னியம்மாள், தான் தலையில் சுமந்துவந்த குடத்திலிருந்து ஒரு செம்பு முகந்து, அம்மன் தலையில் ஊற்றினாள். மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வழிந்ததைக் கீழே ஒரு தட்டில் பிடித்து, எல்லாருக்கும் தீர்த்தம் கொடுத்தாள். தாட்சாயணி பயபக்தியோடு உள்ளங்கையில் வாங்கிக் குடித்தாள். முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"சார்" என்றாள் மெதுவாக. "தீர்த்தத்துல உப்பு தூக்கலா இருக்கு."

கோவர்த்தனன் குடத்தில் மீதமிருந்த தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். கற்கண்டு மாதிரி இருந்தது. பிறகு தீர்த்தத்தை நாக்கில் வைத்தார். வாயில் இருந்த கிராம்பையும் சேர்த்துத் துப்பினார்.

"நல்ல தண்ணி ஊத்தினா உப்புத் தண்ணி வருது" என்றார். "காத்து ஈரமானா வேர்க்குது. தாட்சாயணி, அம்மனுக்குப் பின்னால போய்ப் பாரு. நான் ஆம்பிளை, புடவையைத் தொடக்கூடாது."

தாட்சாயணி கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள். புடவையின் ஓரத்தை இரண்டு விரலால் விலக்கினாள். கீழே, மஞ்சள் எட்டாத இடத்தில், கொத்துக் கொத்தாகச் சிப்பி ஓடுகள் ஒட்டியிருந்தன. இன்னும் மேலே கை வைத்துத் தடவினாள்.

"சிப்பி இருக்கு சார். அந்த மேடும் இருக்கு. காளையும் இல்ல, பன்னியும் இல்ல. வழவழன்னு ரெண்டு குழி, நடுவுல ஒரு திட்டு. வட்டமா, கிண்ணம் வெச்ச மாதிரி."

"படுத்திருந்தவ எழுந்து நின்னுட்டா, அவ்வளவுதான்" என்றார் கோவர்த்தனன்.

பாப்பாத்தி குடத்தை இறக்காமலே நின்றாள். பொன்னியம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவருக்கு எதிரே வந்து நின்றாள். பயந்த மாதிரி தெரியவில்லை. களைத்த மாதிரி இருந்தது.

"எப்டி தூக்கினோம்னு கேக்கலியே?" என்றாள்.

"நீங்க தூக்கல. கடல் தூக்கிச்சு. தண்ணி வடிஞ்சப்போ கல்லுக்கு ரெண்டு பக்கமும் உப்புப் படகைக் கொண்டுவந்து நிறுத்தி, குறுக்கே மரக்கழி கொடுத்து, கல்லை அதுல கட்டியிருப்பீங்க. பௌர்ணமி ஏத்தம் வந்துது. படகு ஒரு சாண் எழுந்துது. கல்லும் கூட எழுந்துது. அப்புறம் தள்ளிக்கிட்டு வந்து கரை சேக்க பயில்வான் வேண்டாம்."

"உப்பு மூட்டைய அப்டித்தான் பாறை மேலேர்ந்து எடுப்போம்" என்றாள் பொன்னியம்மாள். அதன் பிறகு அவளே சொன்னாள்.

பலகையில் எழுதியிருந்ததை உப்பளத்துக் கணக்குப்பிள்ளை படித்துக் காட்டியிருக்கிறார். பாலத்துக்கு வேலி போட்டால், கழியைச் சுற்றிக்கொண்டு ஊர்க்கிணற்றுக்குப் போக வேண்டும். போய் வருவதற்குள் பொழுது போய்விடும். வேலைக்குப் போவதா, தண்ணீருக்குப் போவதா? பெரியவர்களிடம் போய்ச் சொன்னார்கள். ஒருவர் பல்லவரைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் கிருஷ்ணதேவராயரைப் பற்றிச் சொன்னார். தண்ணீரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

"கல்லு இருந்தாதான சின்னம். சின்னம் இருந்தாதான வேலி. ஆபீசர் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் எடுத்து வெச்சிக்கலாம், அப்பால திருப்பிப் போட்டுக்கலாம்னு நெனச்சோம். எங்க ஒளிக்கிறது? போலீஸ்காரன் கெணத்துல எறங்குவான், போரைக் குத்துவான். அம்மனைத் தொடமாட்டான். நிமுத்தி வெச்சி மஞ்சா பூசிட்டோம்."

"நல்ல இடம்" என்றார் கோவர்த்தனன். நிஜமாகவே பாராட்டினார்.

"இன்னா நல்ல எடம்?" பொன்னியம்மாளின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "மொத ரெண்டு நாளு கல்லுன்னுதான் நெனச்சிகினு இருந்தோம். எங்க நாகையா புள்ளைக்கு ஜொரம் வந்துச்சு. எவளோ ஒருத்தி வேண்டிக்கினா. எறங்கிடுச்சு. அப்பால ஒருத்திக்கு அருள் வந்துச்சு. ஊரு ஊரா வந்து பொங்கல் வெக்கிறாங்கோ. இப்ப எடுத்துக் கீழ போடச் சொல்லு பாக்கலாம். எந்தக் காலால சார் மிதிக்கிறது?"

தாட்சாயணி தான் விலக்கிய புடவையின் ஓரத்தைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

"ஒளிச்சு வெச்சவங்களே கும்பிட ஆரம்பிச்சிட்டா, நம்ம தொழில் என்ன ஆகும் சார்?"

கோவர்த்தனன் கழிக்கரையில் போய் நின்றார். வழக்கு முடிந்துவிட்டது. முடிந்த வழக்கைப் போல இவ்வளவு உபயோகமற்ற பொருளை அவர் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் பொன்னியம்மாள் சத்தியவேடு ஸ்டேஷனுக்குப் போவாள். கல் பாலத்துக்குப் போகும். சுற்றி வேலி வரும். சொல்லாவிட்டால் கல் இங்கேயே நிற்கும், பாலத்தில் ஓட்டை அங்கேயே இருக்கும். இரண்டு வழியிலும் தண்ணீர் வராது.

சாயந்தரம் ஆனது; ஏற்றம் ஆரம்பித்திருந்தது. மாலைத் தண்ணீருக்குப் போன பாப்பாத்தி திரும்பி வந்துகொண்டிருந்தாள். காலையில் இடுப்பளவு இருந்த தண்ணீர் இப்போது மார்பளவு. நடுவில் ஒரு பாறை வழுக்கியது. அவள் விழவில்லை, குடம் விழுந்தது. பித்தளைக் குடம் பாறையில் மோதி, கவிழ்ந்து, உப்புத் தண்ணீரோடு போயிற்று. பொன்னியம்மாள் புடவையோடு பாய்ந்து போய் மருமகளை அக்குளில் கை கொடுத்துக் கரைக்கு இழுத்து வந்தாள். குடத்தை இரண்டு பேரும் பார்க்கவில்லை. பாப்பாத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அவளே மற்றவர்களுக்குச் சொன்னாள்.

தாட்சாயணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஈரப் புடவையைப் பிழிந்துவிட்டாள். பிறகு கேட்டாள்:

"சார், அந்த ஆபீசர் நீச்சல் தெரிஞ்சவரா இருப்பாரா?"

கோவர்த்தனன் திரும்பி அவளைப் பார்த்தார். புதிதாக ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டார். இந்தத் தடவை பல்வலி இல்லை.

மறுநாள் காலை இரண்டு தலைவர்களையும் அம்மன் எதிரில் வரவழைத்தார். இருவரும் இடுப்புவரை நனைந்து, வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றார்கள்.

"உங்க கல்லைத் தூக்கினது மனுஷன் இல்லை" என்றார் கோவர்த்தனன். "கடல். பௌர்ணமி ஏத்தத்துல தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு. அது இனிமே அந்த இடத்துக்குத் திரும்பாது. இந்த அம்மன் மேல சத்தியமாச் சொல்றேன்."

அவர் சொன்னதில் பொய் என்று ஒரு வார்த்தை இல்லை. வேதாச்சலத்தின் முகம் விழுந்தது. கல் வெங்கடசாமியிடமும் இல்லை என்று புரிந்ததும் பாதி எழுந்தது. வெங்கடசாமிக்கும் அப்படியே. ஆனால் அதிகாரிக்கு இனி எதைக் காட்டுவது என்று இருவரும் கவலைப்பட்டார்கள்.

"இவளைக் காட்டலாமே" என்றார் கோவர்த்தனன். "கொற்றவைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சந்தேகமே இல்லை" என்றார் வேதாச்சலம். "அந்தத் தோள் பல்லவத் தோள். பார்த்தாலே தெரியும்."

"காதண்டி, இல்லீங்க, அந்த நிக்கிற தோரணை அசல் விஜயநகரம்" என்றார் வெங்கடசாமி. "மா தாத்தா காலத்திலேருந்து எங்க குடும்பம் இங்கதான் வந்து கும்பிடறது."

பொன்னியம்மாள் மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

தாட்சாயணி யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள். அதிகாரி பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவாராம். இடுப்புத் தண்ணீரில் இறங்க மாட்டாராம். அவர் அம்மனைப் பார்க்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு கல் போட்டாக வேண்டும். யாருடைய கல்லில் நடந்து வருகிறாரோ அவர்களுடைய அம்மன் என்றுதான் நினைப்பார், இல்லையா?

திரும்பிப் பார்த்தபோது இரண்டு தலைவர்களும் தண்ணீரில் பாதி தூரம் போயிருந்தார்கள். வந்தபோது காட்டிய நிதானம் இருவரிடமும் இல்லை.

உச்சிப் பொழுதுக்கு முன்னால் வேதாச்சலத்தின் மண்டி வாசலில் கிடந்த கருங்கல் பலகை வண்டியில் வந்து இறங்கியது. பின்னாலேயே வெங்கடசாமி வீட்டு வாசல்படி வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அன்றிலிருந்து குதித்துத்தான் இறங்கினார்களாம். எந்தக் கல்லை முதலில் போடுவது என்று சண்டை. தெலுங்கும் தமிழும் மாறி மாறி வந்தன. கடைசியில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக இரண்டையும் போட்டார்கள். கயிறு பிடிக்க ஊரே வந்தது. பிடித்தவர்கள் அப்படியே அந்தக் கரைக்கும் போய், அங்கே இத்தனை வீடுகள் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள்.

எல்லாம் முடிந்து, தலைவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கோவர்த்தனன் ஒரு சின்ன விஷயம் சொன்னார். நடுவில் புதுக்கல் போட்ட பாலத்தைப் புராதனச் சின்னம் என்று அதிகாரியிடம் காட்டினால், அவர் சிரிப்பார். சிரித்தால் அம்மனையும் நம்பமாட்டார்.

இரண்டு பலகைகளும் அன்று மாலையே பிடுங்கப்பட்டன. மறுநாள் அதே பலகைகள், அதே இடத்தில், புதுப் பெயின்ட்டோடு நின்றன. அம்மன் கோயிலுக்கு இவ்வழியாக நடக்கவும் என்று ஒன்று தமிழில் சொன்னது, ஒன்று தெலுங்கில் சொன்னது. முள்கம்பிச் சுருளை யாரும் கேட்கவில்லை. அந்தக் கரையில் துணி காயப்போட உபயோகமாயிற்று.

அதிகாரி கடைசிவரை வரவில்லை. சித்தூர் பங்களாவிலேயே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார் என்று பிறகு கேள்வி. அவர் கோட்டில் பாறைக்கழி எந்தப் பக்கம் விழுந்தது என்பது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

கிளம்புகிற அன்று கோவர்த்தனனும் தாட்சாயணியும் பஸ்ஸுக்குப் போக அந்தக் கரையிலிருந்து பாலத்தின் வழியாக வந்தார்கள். கால் நனையவில்லை. எதிரே பொன்னியம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். அவர்களுக்குப் பின்னால் பாப்பாத்தி, இரவல் குடத்தோடு, கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாமியாரும் மருமகளும் புதுக்கல்லில் எதிரெதிரே வந்தார்கள். இப்போது இரண்டு கல் அகலம், நிற்காமலே போகலாம். ஆனால் பொன்னியம்மாள் நின்றாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கல்லின் மேல் வைத்தாள். ஆடாமல் உட்காரும்படி, அடியில் மணல் நரநரக்க, அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு திருகு திருகினாள். பாப்பாத்தியும் காலிக் குடத்தை ஒரு சாண் தள்ளி வைத்து, அதே மாதிரி திருகினாள். இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்து முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். மாமியார் சோறு துன்னியா என்று கேட்டாள். மருமகள் அம்மா துன்னா நானும் துன்றேன் என்றாள். பிறகு குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

தாட்சாயணி நின்றுவிட்டாள். குனிந்து பார்த்தாள். வேதாச்சலத்தின் கருங்கல்லில், மணலில் வரைந்த மாதிரி, மெலிதாக இரண்டு வட்டம். நடுவில் ஒரு சாண் அகலத்துக்குத் தொடாத இடம்.

அவள் நிமிர்ந்து, அந்தக் கரையில் வேப்பமரத்தடியில் மஞ்சளாக நின்றவளைப் பார்த்தாள். அவளுடைய முதுகில் கை வைத்துத் தடவிய குழிகளின் வழவழப்பு இன்னும் விரலில் இருந்தது.

"சார்" என்றாள். "இன்னும் ஆயிரம் வருஷம் போனா இந்தக் கல்லுலயும் ஒரு காளை வந்துடும்."

கோவர்த்தனன் அந்த வட்டங்களை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்துத் தாண்டினார்.

"பக்கத்துல வெங்கடசாமி கல்லு இருக்கு" என்றார். "அதுல வராகம்."